கரும்புள்ளியின் நெடும்பயணம்

உடலின் உறுப்புகளுள் நாம் நாள்தோறும் கண்ணால் காண்பது தோல் ஒன்றே. இதயம் துடிப்பதை உணர்கிறோம், காண்பதில்லை. ஈரல் எப்பக்கம் இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். தோலோ எப்போதும் கண்முன் இருக்கிறது. ஆகவே தோலில் தோன்றும் நோய் தப்பாமல் கண்ணில் பட்டுவிடும் என்று எண்ணுவது இயல்பே. அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிய நோய் ஒன்று உண்டு. வெளியே ஒரு சிறு கரும்புள்ளியாகத் தொடங்கி, நிணநீர் வழியாகவும் குருதி வழியாகவும் உள்ளே சென்று, நுரையீரல், கல்லீரல், மூளை, எலும்பு என்று குடியேறும் மெலனோமா என்னும் புற்றுநோயே அது.

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதை உண்டாக்கும் உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும்போது தோன்றுவது மெலனோமா. தோல் புற்றுநோய்களின் எண்ணிக்கையில் இதன் பங்கு சிறிது. அவற்றால் நிகழும் உயிரிழப்பில் இதன் பங்கே பெரிது. 2020ஆம் ஆண்டில் உலக அளவில் ஏறத்தாழ 3,25,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும், 57,000 பேர் இதனால் இறந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது.

இந்த உயிரணுக்களின் பிறப்பு வரலாறே வியப்புக்குரியது. கரு வளரும்போது, முதுகுத்தண்டு உருவாகும் வரப்பின் ஓரத்திலிருந்து இவை புறப்படுகின்றன. நெடுந்தொலைவு பயணம் செய்து தோலின் ஒவ்வொரு பகுதியையும் அடைந்து அங்கே தங்குகின்றன. பயணம் இவற்றின் பிறவிக் குணம். புற்றாக மாறியபின் இவை இத்துணை விரைவாக உடலெங்கும் பரவுவதற்கு அந்தப் பழைய குணமும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

இந்நோயின் வரலாற்றைப் படிக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தான் பார்த்த இடத்தில் ஏதோ ஒன்றைக் கண்டது. பார்க்காத இடத்தில் நோய் ஒளிந்துகொண்டது. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

எலும்புகளும் ஒரு கண்ணாடிக் குடுவையும்

தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் கண்டெடுக்கப்பட்ட பதப்பட்ட உடல்களை ஆராய்ந்த அறிஞர்கள், 1966இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் பழைமையான ஒன்பது உடல்களில், தோலில் கருமையான கட்டிகளும், எலும்புகளில் நோய் பரவியதற்கான அடையாளங்களும் காணப்பட்டன என்பதே அச்செய்தி. அதே காலத்தை ஒட்டிக் கிரேக்க நாட்டில் ஹிப்போக்கிரட்டிஸ் பெயரால் வழங்கும் மருத்துவ ஏடுகளிலும் உயிர்குடிக்கும் கருங்கட்டிகளைப் பற்றிய குறிப்பு இருப்பதாகச் சொல்வர். ஆகவே இது நேற்று வந்த நோயன்று.

ஆயினும் மருத்துவ உலகின் கைக்கு எட்டிய முதல் சான்று இலண்டனில் இருக்கிறது. 1787ஆம் ஆண்டு, ஜான் ஹன்ட்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் 35 வயதுள்ள ஒருவரின் தாடைக்குப் பின்புறத்திலிருந்து ஒரு கட்டியை அகற்றினார். முன்பே ஒருமுறை அகற்றப்பட்டு மீண்டும் வளர்ந்த கட்டி அது. அதன் ஒரு பகுதி மென்மையாகவும் கருமையாகவும் இருந்தது. அது இன்னதென்று ஹன்ட்டருக்கு விளங்கவில்லை. எனினும் அதை எறிந்துவிடாமல் குடுவையில் பாதுகாத்து வைத்தார். அவருடைய சேமிப்புகள் பின்னர் அறுவை மருத்துவர்களின் அரசக் கல்லூரியின் அருங்காட்சியகம் ஆயின. 1941இல் அக்கட்டடத்தின்மீது குண்டு விழுந்து சேமிப்புகளில் பெரும்பகுதி அழிந்தபோதும் அந்தக் குடுவை தப்பியது. 1968இல் அதனை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், அது மெலனோமாவே என்று உறுதி செய்தனர். ஹன்ட்டர் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்க 181 ஆண்டுகள் ஆயின. தமக்கு விளங்காத ஒன்றை வரும் தலைமுறைக்காகக் காத்து வைப்பதும் அறிவுத் தொண்டே என்பதற்கு இது சான்று.

பாரிஸ் நகரில் ஓர் இளைஞர்

வெளியே தெரியும் கருமையையும் உள்ளே கிடக்கும் கருமையையும் சேர்த்துப் பார்த்து, இது தனி நோய் என்று முதலில் அறிவித்தவர் ரெனே லென்னெக். நெஞ்சில் வைத்துக் கேட்கும் கருவியாகிய ஸ்டெதாஸ்கோப்பை 1816இல் உருவாக்கியவர் என்றே நாம் அவரை அறிவோம். பிரான்சின் மேற்குக் கரையோரமான பிரித்தானி பகுதியில் 1781இல் பிறந்தவர். இளமையிலேயே தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்து, மருத்துவரான சிற்றப்பாவின் பராமரிப்பில் வளர்ந்தவர். புரட்சிக்குப் பிந்திய பாரிசில், சமயப் பற்று ஏளனத்துக்குரியதாய் இருந்த சூழலிலும், கத்தோலிக்க விசுவாசத்தை வெளிப்படையாக வாழ்ந்தவர்.

1804இல், 23 வயது மாணவராய் இருந்தபோதே, பாரிஸ் மருத்துவப் பள்ளியின்முன் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். அது 1806இல் அச்சாயிற்று. இறந்தோரின் உடல்களைத் திறந்து பார்த்தபோது உள்ளுறுப்புகளில் காணப்பட்ட கருங்கட்டிகளுக்கு, 'கருமை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'மெலனோஸ்' என்று அவர் பெயரிட்டார். இங்கு ஒரு நுட்பம் உண்டு. பெரியவர்களின் நுரையீரலை ஒட்டிய நிணக்கணுக்கள் பொதுவாகவே கருத்துத்தான் இருக்கும்; மூச்சோடு உள்ளே சென்ற புகைக்கரியே அதற்குக் காரணம். அந்தக் கருமை வேறு, இந்தக் கருமை வேறு என்று லென்னெக் பிரித்துக் காட்டினார். கருப்பானவை எல்லாம் ஒன்றல்ல என்று அறிந்ததே இந்நோயைப் பற்றிய அறிவின் தொடக்கம்.

புகழ் வரும் இடத்தில் பூசலும் வரும். லென்னெக்கின் ஆசிரியர்களுள் ஒருவரான துப்புய்த்ரேன், அந்தக் கண்டுபிடிப்பின் பெருமை தமக்கே உரியது என்று வழக்காடினார். இருவருக்கும் இடையே கசப்பு வளர்ந்தது. வரலாறு லென்னெக்கின் பக்கம் தீர்ப்பளித்தது. 1826இல், தம் 45ஆம் வயதில், தாம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த காசநோயாலேயே அவர் இறந்தார். அவர் இட்ட பெயர் சற்றே மாறி, 1838இல் ராபர்ட் கார்ஸ்வெல் என்ற மருத்துவர் வழியாக 'மெலனோமா' என்று நிலைபெற்றது.

ஊர் மருத்துவரின் கண்

லென்னெக் பார்த்தது இறந்தோரின் உடலை. உயிரோடு இருப்பவரின் குடும்பத்தையும் சேர்த்துப் பார்த்தவர் ஓர் ஊர் மருத்துவர். இங்கிலாந்தில் ஸ்டவர்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் தொழில் புரிந்த வில்லியம் நாரிஸ், 1820இல் 59 வயதுள்ள நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். வயிற்றின்மேல் நெடுங்காலம் இருந்த மச்சம் ஒன்று பெருத்துக் கட்டியாயிற்று. அகற்றியபின் மீண்டும் வளர்ந்தது. அவர் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தால் உள்ளே எங்கும் கருமை. நாரிசின் கவனம் அங்கே நிற்கவில்லை. அந்த நோயாளியின் தந்தையும் இத்தகைய நோயால் இறந்திருந்தார். அவருடைய பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் உடலில் பல மச்சங்கள் இருந்தன. இது குடும்ப வழியாக வரக்கூடும் என்று அவர் எழுதியபோது, மரபணு என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை.

1857இல் அவர் எட்டு நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். மச்சத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு, நிறம் வெளிறியவர்களிடம் இது மிகுதியாக வருதல், கட்டியைச் சுற்றியுள்ள தசையையும் சேர்த்து எடுக்க வேண்டிய தேவை ஆகிய மூன்றையும் அவர் கண்டிருந்தார். பெரிய மருத்துவமனையோ ஆய்வுக்கூடமோ அவருக்கு இல்லை. நோயாளியின் வீட்டுக்குப் போவதும், பெற்றோர் எப்படி இறந்தார்கள் என்று கேட்பதும், கேட்டதை எழுதி வைப்பதுமே அவருடைய ஆய்வு. இடையில் 1840இல் சாமுவேல் கூப்பர் என்ற மருத்துவர், பரவிய பின் இந்நோய்க்கு மருந்தில்லை. தொடக்கத்திலேயே அகற்றுவது ஒன்றே வழி என்று எழுதினார். அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேலாக அச்சொல்லை மாற்ற எவராலும் இயலவில்லை.

கத்தி, வரைபடம், அளவுகோல்

அகற்றுவதே வழி என்றால், எவ்வளவு அகற்றுவது? 1907இல் இலண்டனில் சாம்ப்சன் ஹேண்ட்லி என்பவர், இந்நோயால் இறந்த ஒரு பெண்ணின் உடலை நுணுகி ஆராய்ந்து, நோய் நிணநீர் வழியே சுற்றிலும் பரவுகிறது என்று விளக்கினார். கட்டியைச் சுற்றி விரிந்த பரப்பை வெட்டி எடுக்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஒரே ஓர் உடலிலிருந்து பிறந்த அந்த முடிவு, அரை நூற்றாண்டுக்கு மேல் சட்டம்போல் நின்றது. சிறிய புள்ளிக்கும் சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் வரை அறுத்து, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டி, நோயாளிகள் பெருந்தழும்போடு வாழ்ந்தனர். தடிப்புக் குறைந்த கட்டிகளுக்குச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் எடுத்தாலே போதும் என்பதைப் பலநாட்டு மருத்துவர்கள் ஒன்றுகூடி நடத்திய சோதனைகள் 1980களின் இறுதியிலேயே மெய்ப்பித்தன.

இதற்கிடையே நோயின் காரணத்தைத் தேடியவர் ஒரு புள்ளியியல் அறிஞர். ஆஸ்திரேலியாவின் ஹென்றி லங்காஸ்டர், இறப்புப் பதிவேடுகளை வரைபடத்தோடு ஒப்பிட்டு, 1956இல் ஓர் உண்மையை வெளியிட்டார். ஐரோப்பிய வழிவந்த மக்களிடையே, நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க மெலனோமாவால் இறப்போர் எண்ணிக்கை கூடுகிறது என்பதே அது. குளிர்நாட்டுக்கு ஏற்ற வெளிர்த்தோலோடு கடுவெயில் நாட்டில் குடியேறியதன் விலை அது. ஆஸ்திரேலியா பாடம் கற்றது. 1981இல் அந்நாட்டில், சட்டை அணியுங்கள், களிம்பு பூசுங்கள், தொப்பி போடுங்கள் என்று குழந்தைகளும் பாடும் வகையில் பிரசாரம் தொடங்கிற்று.

மூன்றாவதாக வந்தது ஓர் எளிய அளவுகோல். அமெரிக்காவில் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோய்க்குறியியல் அறிஞர், வெட்டி எடுத்த கட்டிகள் தோலுக்குள் எத்தனை ஆழம் இறங்கியுள்ளன என்று நுண்ணோக்கியில் அளந்து, 1970இல் முடிவை வெளியிட்டார். ஆழம் 0.76 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்த நோயாளிகளிடம் நோய் திரும்பவோ பரவவோ இல்லை. ஆழம் கூடக் கூட ஆபத்தும் கூடியது. கட்டியின் அகலத்தைவிட ஆழமே விதியைத் தீர்மானிக்கிறது என்பது தெளிவாயிற்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அந்த இடைவெளியில்தான் பிழைப்பும் இழப்பும் பிரிகின்றன. கூப்பர் சொன்ன 'தொடக்கத்திலேயே' என்ற சொல்லுக்கு இவ்வாறு ஓர் அளவு கிடைத்தது.

உள்ளேயே இருந்த காவலர்

பரவிவிட்ட நோய்க்கோ நெடுநாள் விடிவில்லை. 1975இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டக்கார்பசின் என்ற மருந்து சிலருக்குச் சிறிது காலம் தந்தது. பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்தனர். எனினும் ஒரு புதிர் மருத்துவர்களை உறுத்திக்கொண்டே இருந்தது. மிக அரிதாகச் சில நோயாளிகளிடம் கருங்கட்டி தானாகவே வெளுத்து மறைந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் அதனை அடையாளம் கண்டு தாக்குகிறது என்பது புலனாயிற்று. அப்படியானால் மற்றவர்களிடம் அது ஏன் தாக்கவில்லை?

விடை 1990களில் வந்தது. நம் எதிர்ப்பு அணுக்கள் மிகை வேகம் கொண்டு சொந்த உடலையே அழித்துவிடாதபடி அவற்றுக்குத் தடைகள் உள்ளன. அந்தத் தடைகளைப் பயன்படுத்திக்கொண்டே புற்று தப்பிக்கிறது. ஒரு தடையை விடுவிக்கும் வழியை அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனும், மற்றொரு தடையை ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோவும் கண்டறிந்தனர். 2011இல் இப்பிலிமுமாப் என்ற முதல் மருந்தும், 2014இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியனவும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. 2018இல் இவ்விரு அறிஞர்களுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதன் பயனை உலகம் கண்கூடாகக் கண்டது. அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015 ஆகஸ்டில், தம் 90ஆம் வயதில், மெலனோமா கல்லீரலிலும் மூளையிலும் பரவியிருப்பது தெரியவந்தது. பழைய காலமாயின் சில மாதங்களே எஞ்சியிருக்கும். கதிர்வீச்சும் பெம்ப்ரோலிசுமாபும் தரப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில், தம் ஊர்க் கோவிலில் தாம் நடத்திவந்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலேயே, நோயின் சுவடு தென்படவில்லை என்று அவர் அறிவித்தார். 2024 டிசம்பரில் நூறு வயது நிறைந்தவராய் அவர் மறைந்தார். அதே 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பரவிய நோய்க்கு இரு மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களுள் 43 விழுக்காட்டினர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்ததாகக் கூறுகிறது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் மீதிப் பாதிக்கும் மேற்பட்டோர் இல்லை என்பதையும், இம்மருந்துகளின் விலை எளியோர் கைக்கு எட்டாதது என்பதையும் நாம் மறைக்கலாகாது. கூப்பரின் சொல் இன்றும் ஏழைகளுக்கு முழு உண்மையாகவே இருக்கிறது.

நாம் பார்க்காத இடம்

இத்துணையும் படித்தபின், இது வெள்ளையர் நோய், நமக்கென்ன என்ற எண்ணம் எழக்கூடும். நம் கருநிறம் வெயிலின் தீமையிலிருந்து நம்மைப் பெரிதும் காக்கிறது என்பதும், நம் நாட்டில் மெலனோமா அரிது என்பதும் மெய்யே. ஆனால் நிறமி குறைந்த இடங்கள் நம் உடலிலும் உண்டு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகியவை அவை. கருநிற மக்களுக்கு இந்நோய் வரும்போது பெரும்பாலும் அவ்விடங்களிலேயே வருகிறது. அதிலும் உள்ளங்காலே முதன்மை. வெயிலுக்கும் இவ்வகைக்கும் பெரிய தொடர்பில்லை. லங்காஸ்டரின் வரைபடம் இங்கே நமக்குக் கேடயமாகாது.

நகத்தடியில் வரும் நோயை 1886இலேயே ஜொனாதன் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் விவரித்து, கரிய நகச்சுற்று என்ற பொருள்பட அதற்குப் பெயரிட்டார். நகத்தின் கருமை அடுத்துள்ள தோலிலும் படர்ந்தால் அது எச்சரிக்கை என்று அவர் சுட்டியது இன்றும் மருத்துவப் பாடம். ஆயினும் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வரும் இந்நோயைத் தனி வகையாக மருத்துவ உலகம் பெயரிட்டு அறிந்தது 1976இல்தான். அடுத்த ஆண்டே அதற்கு ஓர் உலகறிந்த நோயாளி கிடைத்தார். ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் இருந்தது இந்நோயே என்று 1977இல் தெரிந்தது. பந்தாட்டத்தில் பட்ட காயம் என்றே அது முதலில் எண்ணப்பட்டது. விரலை எடுத்துவிட வேண்டும் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. நோய் மூளை, நுரையீரல், ஈரல் வரை பரவி, 1981 மே 11இல், 36ஆம் வயதில், அவர் உயிர் நீத்தார்.

நம் ஊர்களில் இதே கதை பெயரில்லாதவர்களுக்கு நிகழ்கிறது. வெறுங்காலோடு வயலிலும் களத்திலும் நடப்பவரின் உள்ளங்காலில் ஒரு கறுப்பு தோன்றினால், முள் தைத்த வடு என்போம், கால் ஆணி என்று பிளேடால் சீவுவோம், சுண்ணாம்பு தடவுவோம். நகம் கறுத்தால் எங்கோ இடித்துக்கொண்டது என்று விட்டுவிடுவோம். புண்ணாகி, தொடை இடுக்கில் நெறிகட்டிய பிறகே மருத்துவரிடம் போவோம். அங்கும், கத்தி பட்டால் பரவிவிடும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்து திரும்பிவிடுவோரும் உளர். உண்மை நேர்மாறானது. பரவுவது கத்தியால் அன்று, காலந்தாழ்த்துவதால்.

அஞ்சத் தேவையில்லை, கருப்பானவை எல்லாம் ஒன்றல்ல என்ற லென்னெக்கின் பாடம் இங்கும் பொருந்தும். மச்சங்களில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. நம்மவர் பலருக்கு நகங்களில் இயல்பாகவே கறுப்புக் கோடுகள் இருக்கும். ஆனால் ஒரு புள்ளியின் இரு பாதிகளும் ஒத்திராமலிருந்தால், ஓரம் ஒழுங்கற்றிருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட நிறம் கலந்திருந்தால், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால், எல்லாவற்றுக்கும் மேலாக, மாறிக்கொண்டே வந்தால், தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரே ஒரு நகத்தில் புதிதாய்த் தோன்றி அகலும் கருங்கோடும், காலில் வாரக்கணக்கில் ஆறாத புண்ணும் அவ்வாறே.

மச்சத்தைக் கொண்டு யோகம் பார்க்கும் பழக்கம் நம்மிடையே நெடுநாளாய் உண்டு. கன்னத்தில் இருந்தால் என்ன பலன், தோளில் இருந்தால் என்ன பலன் என்று பட்டியலே இருக்கிறது. உள்ளங்கால் மச்சத்துக்கு உலகம் சுற்றும் யோகம் என்பர். அந்தப் பலனை நம்பினாலும் நம்பாவிட்டாலும், அதைப் பார்ப்பதற்காகவேனும் காலைத் திருப்பிப் பார்த்த முன்னோர் ஒருவகையில் நம்மைவிட விழிப்பாய் இருந்தார்கள்.

ஹன்ட்டர் ஒரு குடுவையைக் காத்தார். நாரிஸ் ஒரு குடும்பத்தைக் கேட்டறிந்தார். பிரெஸ்லோ ஒரு மில்லிமீட்டரை அளந்தார். நாம் செய்ய வேண்டியது அவற்றினும் எளிது. மாலையில் வேலை முடிந்து கால் கழுவும்போது உள்ளங்காலையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். வீட்டிலுள்ள முதியவர்களால் குனிந்து தம் பாதத்தைப் பார்க்க இயலாது. அவர்களுடைய கால்களை நாம் பார்ப்போம்.